வாசலில் நின்றவர்

ஞாயிறு பின்னேரங்களில் பலெர்மோ நகரின் கால்சாப் பகுதித் தேவாலயத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. நாங்கள் இருக்கும் ஒரேத்தோவில் இருந்து பஸ் எடுத்து என் கணவரும் என்னோடு வருவார். கோயில் வாசல் வரைக்கும்தான்.

"நீ போட்டு வா. நான் இஞ்சை நிக்கிறன்" என்பார். மழை பெய்தாலும் பூசை முடியும்வரை வெளியிலேயே நிற்பார்.

வன்னியில் கடைசிச் சண்டையில் எங்கள் மகளைப் பறிகொடுத்தோம். பதுங்குகுழிக்குள் அவள் பயப்படாமல் இருக்கவென்று அவர் உரத்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஷெல் விழுந்தது. அதன் பிறகு அவர் செபித்து நான் கேட்டதில்லை. இத்தாலிக்கு வந்தும் அப்படியே.

செபக்கூட்டத்துப் பெண்கள் என்னை விடவில்லை. "அக்கா, அண்ணையை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கை வைச்சுச் செபிச்சால் எல்லாம் மாறும்."

"அவரை இழுத்துக்கொண்டு வர ஏலாது. கடவுள் கூப்பிடேக்கை வருவார்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வருசங்கள் போகப் போக எனக்குள்ளும் கோபம் ஏறியது. இன்னும் எவ்வளவு காலம் என்று பீடத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை. அடுத்த ஞாயிறும் போனேன்.

அப்போது பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். சிஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் படுக்கையில் விழுந்தபின், என் கணவர் உணவகத்துக்குப் பாத்திரம் கழுவப் போகும் வழியில் வந்து, அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்திவிட்டுப் போவார். இருவருக்கும் பெரிய பேச்சுக் கிடையாது. தூக்கும்போது மட்டும் சிஞோரா அவருடைய கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் சிஞோராவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. வெளியூரில் இருந்த மகன் புறப்பட்டுவிட்டார். பாதிரியாருக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். நான் கையைப் பிடித்தபடி இத்தாலியனில் செபித்துக்கொண்டிருந்தேன். வழமைபோல என் கணவர் வந்து அறை வாசலில் நின்றார். சிஞோரா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"நீ சொல்லு" என்றார்.

"அவர் செபிக்கிறதில்லை, சிஞோரா" என்றேன் நான்.

சிஞோரா பார்வையை எடுக்கவில்லை. "நீ சொல்லு."

என் கணவர் உள்ளே வந்து கட்டிலின் அருகே முழந்தாளில் இருந்தார். பிறகு, தமிழில், எங்கள் பிதாவே என்று தொடங்கினார். "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். மிச்சத்தை நான் சொல்லி முடித்தேன். மகன் வந்து சேருமுன் சிஞோரா போய்விட்டார்.

அன்றிரவு வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவரே கதைத்தார். "அந்த இடத்திலை எனக்கு வாய் வருகுதில்லை."

"ஓம். கேட்டனான்."

"உம்முடைய சித்தம் நடக்கட்டும் எண்டு பொய்யாச் சொல்ல ஏலாது."

"சொல்ல வேண்டாம்" என்றேன்.

அடுத்த ஞாயிறும் அவர் வெளியில்தான் நின்றார். தவக்காலத்தில் ஒரு நாள், பிரசங்கத்தின் நடுவே திரும்பிப் பார்த்தேன். கோயிலுக்குள், கடைசி வரிசை வாங்கில் தனியே இருந்தார். இப்போதெல்லாம் பூசையில் என் பக்கத்தில் இருக்கிறார்.

"ஆண்டவர் உங்கடை மன்றாட்டைக் கேட்டிட்டார், அக்கா" என்கிறார்கள் செபக்கூட்டத்துப் பெண்கள். உண்மைதான். ஆனால் "உம்முடைய சித்தம்" என்ற அந்த வரி வரும்போது அவர் இன்னும் வாயை மூடிக்கொள்கிறார். தாண்டியபின் மறுபடி சேர்ந்துகொள்கிறார். அவர் பக்கத்தில் இருக்கையில், அதை நானும் மெதுவாகத்தான் சொல்கிறேன்.