பாண்டி மீட்

அந்த டீச்சரை நாங்கள் இரண்டு வருடம் 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அறிவியல் புனைகதை பிடித்தவர்களுக்காக நடந்த ஒரு மின்னஞ்சல் குழுமம் அது. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும், பதில் போட்டால் அதுவும் எல்லாருக்கும் போகும். அவருடைய முகவரியில் ஆண் பெயர் இருந்தது. விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பதாக எழுதியிருந்தார். சார் என்று முடிவு செய்ய எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நான் அப்போது காலாப்பட்டில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். அங்கிருந்த ஒரே இன்டர்நெட் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து குழும மடல்களைப் படிப்பேன். பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். மீதிப் பேர் தமிழிலேயே அடிப்பார்கள், அது பல கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கும் ஒரு சண்டை நடக்கும். இரண்டு சூரியன் உள்ள கிரகத்தில் மதியச் சாப்பாடு எப்போது, சமைக்கிற ரோபோவுக்கு உப்பு சரியா என்று யார் ருசி பார்த்துச் சொல்வது, காலத்தில் பின்னால் போகிறவன் கையில் ரேஷன் கார்டு இருந்தால் செல்லுமா. இப்படித்தான் தினமும் பேச்சு ஓடும். எனக்கு வேறு எங்கும் இந்தப் பேச்சுக்கு ஆள் கிடையாது. வீட்டிலோ நூலகத்திலோ இதை எடுத்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

'சார்' வாரத்துக்கு ஒருமுறை, பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் கிடைக்கும்போது எழுதுவார். அந்த அரை மணியில் எங்கள் ஒரு வாரத் தப்பையெல்லாம் திருத்திவிடுவார். ஒருவர் தன் கதையில் நிலாவில் ஓடும் ரயிலை ஹாரன் அடிக்கவிட்டார். "அங்கே காற்று இல்லையே, யாருக்கும் கேட்காதே. விளக்கைக் காட்டச் சொல்லுங்கள், கதையும் நன்றாக இருக்கும்" என்று இவர் எழுதினார். மனம் நோகாமல் திருத்தத் தெரிந்தவர். என் கதை ஒன்றில் விண்கலம் சட்டென்று திரும்பும். உள்ளே இருப்பவர்கள் சட்னியாகிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் அவர்தான். அந்தக் கதையை மூன்றாம் முறை திருத்தி எழுதியதும் அவருக்காகத்தான்.

நேரில் சந்திக்கலாம் என்ற பேச்சைக் குழுமத்தின் மட்டுறுத்துநர்தான் ஆரம்பித்தார். எந்த மடல் வெளியாகலாம், எது கூடாது என்று முடிவு செய்கிறவர் அவர். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். பாண்டியில் வைத்துக்கொள்ளலாம், கடல் இருக்கிறது என்றார். கடலுக்குப் பக்கத்தில் நான்கு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். சென்னைக்காரர்கள் வரிசையாக வருகிறேன், வருகிறேன் என்றார்கள். பாண்டியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சிரிப்பு விளங்கியிருக்க வேண்டும். நான் கடலைத்தான் நினைத்தேன்.

'சார்' இப்படி எழுதியிருந்தார்: "நானும் வருகிறேன். செவ்வாயில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் எந்தெந்தப் பாடம் மாறும் என்று ஒரு சின்னக் கட்டுரை தயார் செய்திருக்கிறேன். வாசிக்கலாமா?" எல்லாரும் ஆஹா என்று பதில் போட்டார்கள்.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருக் கோடியில் ஒரு டியூஷன் சென்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதன் மாடியைக் கேட்டு வாங்கினேன். பெஞ்சு, கரும்பலகை, ஒரு மின்விசிறி. என் மனைவி பன்னிரண்டு பேருக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவளும் வந்துவிட்டாள்.

பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதரைக்கு ஒரு பெண்மணி படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். நூல் புடவை, தோளில் துணிப்பை, கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மா என்று நினைத்து, இன்றைக்கு டியூஷன் லீவு என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"மெயில் ஐடி எங்க வீட்டுக்காரரோடதுங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும். ஆனா சார்னு கூப்பிடும்போது நான் போட்ட கணக்கை யாரும் எதுத்துக் கேக்கல. அதனால அப்படியே விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்ததாகச் சொன்னார். சார்ட்டை விரித்துக் காட்டினார். செவ்வாய்ப் பள்ளியின் கால அட்டவணை. அங்கே நாள் நம் நாளைவிட நாற்பது நிமிடம் போல நீளம், அதை எந்தப் பாடத்துக்குக் கொடுப்பது என்று யோசித்து, விளையாட்டுக்குக் கொடுத்திருந்தார். ஊஞ்சல் அங்கே எவ்வளவு மெதுவாக ஆடும் என்று ஓரத்தில் பென்சிலில் போட்டிருந்தார்.

பத்தாயிற்று, பத்தரையாயிற்று, யாரும் வரவில்லை. மட்டுறுத்துநருக்குப் போன் செய்தேன். "வந்துட்டோம் பாஸ். பக்கத்துலதான் இருக்கோம், பத்தே நிமிஷம்" என்றார். பதினொன்றேகாலுக்கு மறுபடி செய்தேன். இரைச்சலுக்கு நடுவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பார் ஒன்றின் பெயர் கேட்டது. கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அங்கே ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதரைக்கே வந்திறங்கி நேராக அங்கே போயிருக்கிறார்கள். திட்டத்தான் போனேன். ஆனால் இரண்டு வருடம் எழுத்தில் மட்டுமே தெரிந்த மனிதர்கள் எழுந்து நின்று கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் என் விண்கலக் கதையைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்தக் கதையைப் பற்றி யாரும் என் முகத்துக்கு நேராகப் பேசியதில்லை. ஒரே ஒரு பீர் என்று கையில் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். யாரும் என் வாயில் ஊற்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் மற்றவர்கள் மேல் இருக்கிற கோபம் ஒரு பக்கம், அந்த நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் மேல் இருக்கிற கோபம் ஒரு பக்கம்.

டீச்சரைப் பற்றிச் சொன்னதும் நான்தான். சார் வந்துட்டார், ஆனா சார் இல்ல, மேடம் என்றேன். மேசையே அதிர்ந்தது. புடவை கட்டின சார் என்று ஒருவர் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அதில் வந்து முடிந்தது. நானும் சிரித்தேன்.

பன்னிரண்டரைக்கு எல்லாரும் மாடியேறினோம். கரும்பலகையில் சார்ட்டை ஒட்டிவிட்டு டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். முன் பெஞ்சில் என் மனைவி மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவர் நிறுத்தினார். மட்டுறுத்துநர் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி "குட் மார்னிங் சாஆர்" என்று இழுத்தார். மற்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாடை அவர் நின்ற இடம் வரைக்கும் போயிருக்கும்.

இருந்தாலும் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பின்னாலிருந்து ஒருவர் கை தூக்கினார்.

"மேடம், செவ்வாயில பீர் எத்தனை டிகிரில கொதிக்கும்?"

சிரிப்பு அடங்கும் வரை அவர் காத்திருந்தார். பிறகு பதில் சொன்னார். "நல்ல கேள்விதான். அங்க காத்தழுத்தம் ரொம்பக் கம்மி. திறந்து வச்சா ஐஸ் மாதிரி குளிர்லயே கொதிச்சிடும்."

குழுமத்தில் இதை எழுதியிருந்தால் ஒரு வாரம் பேசியிருப்போம். இங்கே கை தட்டினார்கள், ஒருவர் விசில் அடித்தார், இன்னொருவர் கடைசி பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டார். டீச்சர் சார்ட்டை மூலை கிழியாமல் மெதுவாகப் பிரித்தெடுத்துச் சுருட்டினார். ஒரு மணி பஸ் இருக்கிறது என்று பையை எடுத்தார். நான் பின்னாலேயே இறங்கிப் போய், ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் சார். நீங்க குடிச்சிருக்கீங்க. நான் நடந்தே போறேன்."

விடைத்தாளில் தப்பைச் சுழிப்பது போலத்தான் சொன்னார். வெயிலில் அவர் தெரு திரும்புகிற வரைக்கும் நின்றேன். மேலே வந்தால், ஐந்து பேரும் எலுமிச்சை சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வறுவல் பிரமாதம் என்று என் மனைவியிடம் சொன்னார்கள். டீச்சர் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டரை மணி நேரம் அந்தம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கூட்டிட்டு வரேன்னு போனீங்க. நீங்களும் உக்காந்து குடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க. நான் என்னன்னு சொல்லட்டும் அவங்ககிட்ட?"

பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஐந்து பேரை நான் அப்போதே துரத்தியிருக்க வேண்டும். சாப்பிட்ட இலையைக்கூட நான்தான் எடுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை குழுமத்தில் சந்திப்பைப் பற்றி நீளமாக ஒரு மடல் வந்தது. எழுதியவர் விசில் அடித்தவர். நகைச்சுவையாக எழுதுகிறவர் என்று அவருக்குப் பெயர். பாண்டிக் காற்று, பாண்டித் தண்ணீர், புடவை கட்டி வந்த சார், பீர் கொதிக்கும் பாடம். வராதவர்கள் எல்லாரும் பொறாமையாக இருக்கிறது என்று பதில் போட்டார்கள்.

அன்று மதியமே நான் பதில் எழுதினேன். வெளியாகவில்லை. மறுநாள் இன்னும் கடுமையாக எழுதினேன். அதுவும் வெளியாகவில்லை. மூன்றாவது மடலில்தான் நானும் குடித்தேன், நானும் சிரித்தேன் என்று எழுதினேன். முதல் இரண்டில் அதை மறைத்திருந்தேன். மட்டுறுத்துநர் எனக்குத் தனியாகப் பதில் போட்டார். குழுமத்தின் கலகலப்பைக் கெடுக்க வேண்டாம், தனிப்பட்ட மனத்தாங்கலை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று.

அதே வாரம் குழுமத்தில் ஒரு பெரிய விவாதம் ஓடியது. யோசிக்கத் தெரிந்த ரோபோவைக் கிண்டல் செய்வது குற்றமா இல்லையா. மூன்று நாள் சண்டை போட்டார்கள். இல்லாத ஒரு இயந்திரத்தின் தன்மானத்துக்காக மட்டுறுத்துநரே உருக்கமாக ஒரு பக்கம் எழுதியிருந்தார். நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது கீபோர்டைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது.

டீச்சருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பத்து நாள் கழித்து வந்த பதிலை அவர் எழுதவில்லை, அவர் கணவர் எழுதியிருந்தார். இரண்டே வரி. குழுமத்தில் வந்த அந்தச் சந்திப்பு மடலைத் தானும் படித்துவிட்டதாகவும், இனிமேல் இந்த முகவரிக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்றும். குழுமப் பட்டியலிலும் அந்த முகவரி இல்லை. வாரம் ஒரு அரை மணி நேரம் அவருக்கு இருந்தது, அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். நானும் அன்றே விலகினேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, காலாப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சென்னைப் பக்கமிருந்து வந்த கார் ஒன்று டீக்கடை ஓரமாக நின்றது. இறங்கியவர் என்னையே பார்த்துவிட்டு அருகில் வந்தார். மட்டுறுத்துநர்.

"பாஸ், நீங்கதான? பாண்டி மீட்! அதுக்கப்புறம் எத்தனையோ மீட் போட்டோம், அது மாதிரி வரவே இல்ல."

அந்த டீச்சரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார்.

"எந்த டீச்சர்? அன்னிக்கு நாம மட்டும்தான இருந்தோம்?"

அங்கேயே நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சார்ட் பேப்பரைச் சொன்னேன், குட் மார்னிங்கைச் சொன்னேன், நான் குடித்ததைச் சொன்னேன், கணவர் எழுதிய இரண்டு வரியைச் சொன்னேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மட்டுறுத்துநர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாரி பாஸ். ஏதோ அந்த வயசு, விடுங்க."

"வயசு இல்ல. அன்னிக்கே உங்க பிள்ளையும் என் பிள்ளையும் ஸ்கூலுக்குப் போயிட்டு இருந்தாங்க. இது மாதிரி ஒரு டீச்சர்கிட்டதான் படிச்சாங்க."

காரிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். பஸ் வந்ததும் ஏறினேன். இடம் காலியாக இருந்தும் நெல்லித்தோப்பு வரும்வரை நின்றுகொண்டேதான் வந்தேன்.