அம்மன் வெள்ளைப் பூ கொடுத்த நாள்

அப்பா, அம்மா, தாய்மாமா, பூசாரி எல்லாரும் இருந்தார்கள். அக்கா மட்டும் இல்லை. அவள் என் கட்சி. அதனால் அவளுக்கு மில்லில் லீவு கிடைக்காத நாளாகப் பார்த்துத்தான் அப்பா குறித்திருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் படிப்பு வாசனை கண்டவன் நான். டிப்ளமோ முடித்தாயிற்று. அரசாங்க குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதுவதா, ஜேடர்பாளையம் ரோட்டில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை போடுவதா என்பதுதான் வழக்கு; பரீட்சை அப்பாவின் ஆசை, கடை என் ஆசை. சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக இடத்துக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் பேசித் தீராமல் எல்லையம்மன் கோயிலில் பூ கேட்க வந்திருந்தோம். சிவப்பு வந்தால் கடை, வெள்ளை வந்தால் பரீட்சை.

பூசாரி இரண்டு பூப்பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

“அப்பறமென்ன, உத்தரவு ஆயிருச்சு. நாளைக்கே கோச்சிங்ல சேந்துரு மாப்ளே” என்றார் மாமா.

நூலகத்தில் படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து வாயில் வந்து நின்றது.

“எல்லையைக் காக்கறது ஆத்தா வேலைங்க மாமா. திருடன் வராம, நோய் வராமப் பாத்துக்கட்டும், கும்புடறேன். உள்ளுக்குள்ள யாரு என்ன வேலை பாக்கோணும்னு ஊடு ஊடாச் சொல்லிட்டிருந்தா, அவ காவலுக்கு எப்பப் போவா?”

“நாலெழுத்துப் படிச்சதும் ஆத்தாளுக்கே சட்டம் பேசறான் பாருங்க!” என்றார் மாமா.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “வாயைக் கழுவு சாமி!”

நான் அப்பா பக்கம் திரும்பினேன். “மோட்டார் எரிஞ்சு நாலு நாள் வெத்தலைக்கொடி வாடுனப்ப நீங்க தூங்கவே இல்லீங்கப்பா. அதை ஒரே நாள்ல என்னால சரி பண்ண முடியும். தப்பாப் போனா அது என் தலையோட போகட்டும்.”

திருநீற்றுத் தட்டோடு பூசாரி நெருங்கி வந்தார். “ஏங் கண்ணு, கடை எப்பத் தொறப்பே? எம்பட மோட்டாரும் மூணு நாளாக் கெடக்குது.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க பூசாரி, உத்தரவை மீறுனா என்னங்க பண்றது?”

“மீறாத ஆளு இந்த ஊர்ல யாருங்க? ஒரு சேவல், ஒரு பொங்கல். மன்னிப்புக் கேட்டுட்டா ஆத்தா கோவிக்க மாட்டா.”

“அப்ப நீ போயி இடத்துக்காரருக்குச் சொல்லிட்டு வா” என்றார் அப்பா என்னிடம்.

சேவல் வாங்க மாமாவே போனார். முனகிக்கொண்டேதான் போனார், ஆனால் நல்ல எடையாகப் பார்த்துத் தூக்கி வந்தார். சேவல், பச்சரிசி, வெல்லம், கற்பூரம், பூசாரி தட்சணை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.