ஊசியால் கீறிய மழை

புரட்டாதி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு இருபது. வெள்ளவத்தையில் தன் பிளாட்டில், அக்காவையும் என்னையும் பக்கத்தில் இருத்தி, பழைய பிலிம் சுருளிலிருந்து பதிந்த அக்காவின் ஒன்பது நிமிடப் படத்தை அக்காவின் இளைய மாணவன் கணினியில் ஓடவிட்டான்.

அக்காவுக்கு எழுபத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் தனியே இருக்கிறார். கதையில்லாத படங்கள் எடுத்தவர்; முதலில் என்னையும், இருபத்தைந்து வருடம் கழித்து அவனையும் அந்த வழிக்கு இழுத்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே அவருக்குத் தெரியும்.

படத்தில் கடல் இருந்தது. தண்டவாளம் இருந்தது. முன்பு அதில் பெய்த மழை இல்லை.

அது கமெரா பிடித்த மழை அல்ல. கழுவி வந்த பிலிமை மேசையில் நீட்டி, தையல் ஊசியால் கட்டம் கட்டமாக அக்கா கீறிய மழை. மூன்று மாத வேலை. பக்கத்தில் இருந்து, எந்த நாளில் எத்தனை கட்டம் என்று கொப்பியில் குறித்தது நான்.

"பாருங்கோ அக்கா, ஒரு கீறல் இல்லை. நேற்று எடுத்த மாதிரி."

"நல்லா வந்திருக்கு தம்பி," என்றார் அக்கா.

அந்த மழையைப் பழுது என்று நினைத்துக் கணினியில் துடைத்திருக்கிறான். எட்டு வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டவன், அவரைப் பற்றி மேடையில் பேசுகிறவன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்தினேன். கீறலோடு பதிந்த பிரதி எங்கே என்றேன். கணினியில் இடமில்லாமல் அழித்துவிட்டானாம். பிலிமோ பதியும்போதே துண்டு துண்டாக உடைந்துபோயிருந்தது.

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. சுருளோடு நான் கொடுத்த பட்டியலை எடுத்து நீட்டினான். பிலிம் பாதுகாப்புப் புத்தகமொன்றைப் பார்த்து நானே கோடு போட்ட பட்டியல். 'நிலை' என்ற இடத்தில் என் கையெழுத்து: கீறல் அதிகம், முழு நீளத்துக்கும்.

"நீங்கள்தானே அண்ணை எழுதினது."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்தில இருந்து பார்த்தனீ. கீறல் எண்டோ எழுதினனீ?"

பட்டியலில் அப்படியொரு இடம் இருந்தது என்றேன்.

"உன்ர பட்டியலுக்கோ நான் படம் எடுத்தனான்?" அவன் பக்கமும் திரும்பினார். "என்ர பேரை எடுங்கோ. உங்கட ரெண்டு பேரின்ர பேரையும் போடுங்கோ. இது நீங்கள் செய்த படம்."

அந்தச் சனிக்கிழமை படத்தின் திரையிடல். அக்காவைச் சமாதானப்படுத்தலாம் என்று அவன் வெள்ளிக்கிழமை வரை இழுத்தான். எங்கள் பெயர் வந்தால் அசிங்கம் அண்ணை என்றான். அசிங்கம்தான், போடு என்றேன். அவன் கை போகவில்லை. நானே இருந்து அக்காவின் பெயரை அழித்து, இரண்டு பெயர்களையும் தட்டினேன்.

அக்கா வரவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, படம் கண்ணாடி மாதிரித் தெளிவு என்று என் கையைப் பிடித்தார். கையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.