கோட்டுச்சேரிமேட்டில் விரியாத கொடி

கலியமூர்த்தி சார் இறந்துவிட்டார் என்ற செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியில் காலை வழிபாடு முடிந்த கையோடு, எங்கள் சாரணர் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் ஒருமுறை உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி போட்டு, அவரே வந்து நன்றி சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். அதனால் அவர் வீட்டுக்கே போன் செய்தேன். அவருடைய மனைவி எடுத்தார். "ஆமாங்க சார். காலையில காபி வச்சேன், எந்திரிக்கவே இல்லைங்க" என்றார். அதன் பிறகுதான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

எதையும் இரண்டு முறை விசாரிப்பது என் குணம். தருமபுரத்தில் என் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, இவர் எதற்காக நம்மை அழைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்டவனிடம் இந்த அஞ்சலியை எழுதச் சொல்லி நம் சாரணர் மன்றம் கேட்டிருக்கிறது. ஏழு வருடமாக அவரை நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அவரும் ஒரு வகையில் சந்தேகக்காரர்தான். ஆனால் அவருடைய சந்தேகமெல்லாம் பொருள்களின் மேல். கீழவாஞ்சூர் பக்கம் நாங்கள் முகாம் போட்ட வருடம், நிலக்கரி லாரிகள் போகிற சாலை ஓரம்தான் எங்கள் கூடாரங்கள். மாலைக்குள் பிள்ளைகளின் கழுத்துத் துணி எல்லாம் கறுத்துவிடும். தண்ணீர் லாரி வந்தால் முதல் டம்ளரைப் பிடித்துக் குடித்துப் பார்ப்பது கலியமூர்த்தி சார்தான். கண் பார்த்தால் போதாது, நாக்கும் பார்க்க வேண்டும் என்பார். பிறகு கூடாரம் கூடாரமாகப் போய் ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்ப்பார். நான் கட்டிய கூடாரத்தையும் விடவில்லை. எனக்குச் சுருக்கென்றது, கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒங்கள நம்புறேன் சார். கயித்தத்தான் நம்பல" என்றார்.

மறு வருடம் கோட்டுச்சேரிமேட்டில் கடற்கரையை ஒட்டி முகாம். நான் முதன்முதலாக முகாம் தலைவராக நின்றது அதில்தான். அதற்கடுத்த முகாமுக்குத் தலைவர் கலியமூர்த்தி சார் என்று மன்றத்தில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். சாரணர் கொடியேற்றும் முறை உங்களுக்குத் தெரியும். கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, கயிற்றால் சுற்றிச் சுருக்குப் போட்டு மேலே ஏற்றிவிட வேண்டும். பிறகு கீழிருந்து ஓர் இழுப்பு. கொடி விரிந்து பூ உதிர வேண்டும். அன்று கொடி கட்டியது நான். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அதிகாரி இழுத்தார். விரியவில்லை. இரண்டாவது முறை இழுத்தார், மூன்றாவது முறையும் இழுத்தார். கொடி உச்சியில் சோற்றுப் பொட்டலம் போல உட்கார்ந்திருந்தது. கை தூக்கி வணக்கம் வைத்த இருநூறு பிள்ளைகளும் தூக்கிய கையோடு நின்றார்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க நான் ஓடினேன். அதற்குள் கலியமூர்த்தி சார் கொடியை இறக்கி, தனியாகத் திரும்பி நின்று பிரித்து, மறுபடி கட்டி ஏற்றிவிட்டார். இந்த முறை பூ கொட்டியது.

அன்று விடியற்காலை, நான் கொடியைக் கட்டி ஏற்றி வைத்த பிறகு, அவர் கம்பத்தடியில் நின்று கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். வழக்கமான சோதனை என்று அப்போது விட்டுவிட்டேன். கொடி சிக்கிய பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். போட்டவனுக்குத்தானே முடிச்சை அவ்வளவு சீக்கிரம் அவிழ்க்கத் தெரியும் என்று தோன்றியது. முட்டிவலி என்று காரணம் சொல்லி அடுத்த முகாமின் தலைமையை அவர் வேண்டாம் என்றபோது அவர் வேண்டுமென்றே செய்த வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. மனசாட்சி உறுத்துகிறது, அதனால்தான் ஒதுங்குகிறார் என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு வந்த ஏழு முகாம்களுக்கும் நானே தலைவர். ஒன்றில்கூட அவரைக் கொடிக்கம்பத்துக்கு அருகில் விடவில்லை. சமையல் கொட்டகை, தண்ணீர், கழிப்பறை என்று ஏதாவது ஒரு மூலையில் வேலை கொடுப்பேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்பார். அந்தச் சரியையும் நான் நம்பவில்லை.

இந்த வருட முகாமில் அவரே வந்து கேட்டார். "இந்தத் தடவ கொடிய நான் கட்டவா சார்?" என்ன திட்டத்தோடு வந்திருக்கிறார் என்றுதான் என் புத்தி போயிற்று. "நீங்க தண்ணியப் பாத்துக்குங்க" என்றேன். "சரிங்க சார்" என்றார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரியை நோக்கிப் போனார். நாங்கள் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அஞ்சலி எழுத அவர் நடத்திய முகாம்களின் விவரம் வேண்டும் என்று போன வாரம் மன்ற அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோப்புகளைக் கேட்டேன். கோட்டுச்சேரிமேடு முகாமின் கோப்பில், என் அறிக்கைக்குப் பின்னால், அவர் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. கொடி விரியாததற்கு முகாம் தலைவர் பொறுப்பல்ல என்றும், காலையில் கயிற்றைச் சோதிக்கும்போது தானே முடிச்சை இறுக்கிவிட்டதாகவும், அதனால் அடுத்த முகாமின் தலைமைக்குத் தன்னைக் கருத வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். முகாம் முடிந்த மறுநாளே கொடுத்திருக்கிறார். படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் நினைத்தது சரி, அவர்தான் என்று.

அந்தச் சந்தோஷம் அலுவலகப் படி இறங்கும்வரைதான் இருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன். அன்று கடற்காற்று பலமாக இருந்தது. ஏறும்போதே கொடி பிரிந்துவிடுமோ என்று பயந்து, மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய கயிற்றை நான் நான்கு சுற்றுச் சுற்றினேன். கடைசிச் சுற்றை முந்தைய சுற்றுக்கு அடியில் செருகினேன். ஒரு சுற்று அதிகமானால் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடியை இறக்கித் திரும்பி நின்று பிரித்தவர், கூடாரக் கயிறு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிற மனிதர். அந்த நான்காவது சுற்று அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

தெரிந்தே என் தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டதில் அவருக்கு என்ன லாபம் என்று என் புத்தி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. கிடைக்கவில்லை. கலியமூர்த்தி சார், அந்தத் தவறை உங்கள் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் எழுதிக்கொள்கிறேன். உங்களிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.