அவன் வாசிக்க, நான் ஓட

டாக்டர் நடக்கச் சொன்னதால் நடக்கிறேன். இன்று காலை பூங்காவில் ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். மூச்சு வாங்க நின்றபோது, என்ன பாட்டும்மா என்று கேட்டேன். பாட்டில்லை தாத்தா, பாடம், நாளைக்குப் பரீட்சை என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபதுகளிலேயே நான் பார்த்த வேலைதான் இது. என்ன, எனக்கு ஒயர் கிடையாது, நாச்சிமுத்து இருந்தான்.

காலேஜில் நாங்கள் பி.ஏ. சரித்திரம், ஒரே பெஞ்சு. படிப்பில் அவன் கெட்டி. எனக்குக் கால்தான் கெட்டி. ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுவேன். புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவேன். இரண்டு வீட்டிலும் ஒரே சட்டம்: ஒரு பாடம் போனாலும் காலேஜ் முடிந்தது, நேராகப் பனியன் கம்பெனி. எல்லோருக்கும் என்னைப் பற்றித்தான் கவலை. அவனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நானும்தான்.

விடிகாலையில் வீரபாண்டி ரோட்டில் நான் ஓடுவேன். பழைய டியூப் துண்டால் ஹேண்டில்பாரில் நோட்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்திலேயே சைக்கிளை மிதித்தபடி அவன் வாசிப்பான். இருபுறமும் சோளக்காடு. நடுநடுவே வெளுத்த பனியன் துணிகளைக் காயப்போட்டிருப்பார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை பனியோடு சேர்ந்து மூக்கில் ஏறும். பாதித் தூக்கத்தில் ஓடும் எனக்கு, அந்த வெள்ளைத் துணிகளை விலக்கிக்கொண்டு பாபர் படையோடு வருவது தெரியும். மேட்டில் நாச்சிமுத்து எழுந்து நின்று மிதிப்பான், குரல் பிசிறும். அதனால் ஹுமாயூன் மட்டும் இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவன் வேகமாக வாசித்தால் என் காலும் வேகமெடுக்கும். பி.டி. சார் ஸ்டாப் வாட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

மார்ச்சில் கோயமுத்தூரில் போட்டி, அடுத்த வாரமே பரீட்சை. சாயங்காலமும் ஓடினால்தான் தேறுவேன் என்று எனக்குப் பட்டது. நாச்சிமுத்து தனக்காக உட்கார்ந்து படிப்பது அந்தச் சாயங்காலத்தில்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான், சாயங்காலமும் வாசிக்க வருகிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரிப்பா, எனக்கும் படிச்ச மாதிரி ஆச்சு" என்றான்.

போட்டியில் இரண்டாவதாக வந்தேன். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பிரித்ததும் எங்கிருந்தோ பிளீச்சிங் வாசனை வந்தது, கூடவே அக்பரும் வந்தார். எழுதித் தள்ளினேன். பெஞ்சுக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்ததாகப் பின்னால் இருந்தவன் சொன்னான்.

ரிசல்ட் பேப்பரில் வந்தது. என் நம்பர் இருந்தது. அவன் நம்பர் இல்லை. டீக்கடை பெஞ்சில் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நூறு தடவை வாசித்தாயே, எப்படிடா போகும் என்றேன்.

"வாசிச்சதென்னமோ நாந்தான். கவனமெல்லாம் உன்ற காலு மேலயே இருந்துச்சுப்பா."

அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா, "நீ பாசாயிட்டயாமா கண்ணு, நல்லா இருப்பே சாமி" என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டுக் காபி கொடுத்தார்கள். அதை வாங்கிக் குடித்தேன் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த வாரமே அவன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். செப்டம்பரில் மறுபடி எழுது, இந்தத் தடவை நான் வாசிக்கிறேன் என்றேன். "நான் ஓடறவன் இல்லியேப்பா" என்று சிரித்தான். உட்கார்ந்தே கேள் என்றேன். இரண்டு நாள் அவன் வீட்டில் வாசித்தேன். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூன்றாம் நாள் எனக்கு பிராக்டிஸ் இருந்தது. போகவில்லை. நாலாம் நாள் போக வெட்கமாக இருந்தது. ஏன் வரவில்லை என்று அவன் கடைசிவரை கேட்கவே இல்லை. செப்டம்பர் வந்தது, போனது.

சோளக்காடு போயிற்று. காயப்போட்ட துணிகள் போயின. என் ஓட்டமும் போயிற்று. போன வருஷம் நாச்சிமுத்துவும் போய்விட்டான். அந்த மூன்றாம் நாள் சாயங்காலத்தை மட்டும் யாராவது திருப்பித் தரமாட்டார்களா என்றிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, அவன் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருப்பான்.