மைனஸ் பதினேழில் வாங்கிய ஏச்சு

போன சனிக்கிழமை, மைனஸ் பதினேழு குளிரில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் நான் ஏச்சு வாங்கினேன். சும்மா ஏச்சு இல்லை... நல்ல தமிழில், வயிறு நிறைய ஏச்சு. ஏசியது என் மகளைவிட இளைய ஒரு பெண்.

அன்றிலிருந்து தலையை நிமிர்த்திக்கொண்டு திரிகிறேன்.

மனுசிக்குக் குளிரில் மூளை விறைத்துவிட்டதோ என்று நீங்கள் நினைப்பது விளங்குகிறது. கொஞ்சம் பொறுங்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நோர்வேக்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. வடதுருவ ஒளியை, இங்கே நூர்லிஸ் என்பார்கள், ஒருநாளும் பார்த்ததில்லை. கனடாவில் இருக்கும் என் தங்கச்சி போன் எடுக்கும்போதெல்லாம் கேட்பாள்: "அக்கா, உங்கடை நாட்டிலை வானத்திலை பச்சை வெளிச்சம் ஆடுமாமே, பாத்தனீங்களோ?" ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் பல்கனியில் நின்றால் தெரியும் ஒரே பச்சை வெளிச்சம் மெட்ரோ சிக்னல்தான். அதை எப்படி அவளுக்குச் சொல்வது?

இந்த முறை பிறந்தநாளுக்கு மகள் ஒரு வேலை செய்தாள். வடக்குக் கோடியில் துரொம்சோ நகரத்துக்கு விமான டிக்கெட், அங்கே ஒரு மாலை கைட்டோடு போய் அந்த ஒளியைப் படம் எடுக்கும் சுற்றுலா, கூடவே தன்னுடைய பழைய கமரா. மூன்று கால் ஸ்டாண்ட் மட்டும் நான் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வாங்கினேன். என் கணவரையும் கேட்டுப் பார்த்தேன்.

"இஞ்சை அடிக்கிற குளிர் காணாதோ? இன்னும் வேணுமெண்டு வடக்குக்கும் போகவேணுமோ?" என்றார். சோபாவை விட்டு அசையவில்லை.

சரி... தனியே போனேன்.

குளிர்காலத்தில் துரொம்சோவில் சூரியனே எழும்பாது. பின்னேரம் ஐந்து மணிக்குக் கும்மிருட்டு. ஹோட்டல் வாசலில் ஒரு மினிபஸ் நின்றது. பக்கத்தில் சிவப்பு ஓவரோல், முகத்தை மூடிய தொப்பி, கையில் பெயர்ப்பட்டியலோடு கைட். அசல் வடக்கு நோர்வேக்காரர் பேசும் இழுவையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது அந்த உருவம். என் முறை வந்தது.

"திலகேஸ்வரி பாலசுப்பிரமணியம்."

ஒரு எழுத்துக்கூடத் தடக்கவில்லை! இந்த நாட்டில் டாக்டரும் சரி, வங்கியும் சரி, என் பெயரைப் பாதிவழியில் கைவிட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"பிள்ளை... நீங்கள் தமிழோ?"

"ஓம் அன்ரி" என்றாள் மெதுவாக. பெயர் ஆரபி. பிறந்தது இன்னும் வடக்கே, ஃபின்மார்க்கில் ஒரு கடற்கரைச் சிற்றூர். அப்பா, அம்மா இருவரும் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை.

எனக்குக் குளிர் பாதி விட்டுப்போயிற்று. ஏன் என்று சொல்லவும் வேண்டுமா? கவுண்டரில் எங்கட ஆள் ஒருவர் இருந்தால், அந்த வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நாங்கள் அதில்தான் போய் நிற்போம். மருந்துக் கடையில் கொஞ்சம் வேகம், உடுப்புக் கடையில் கொஞ்சம் விலைக்கழிவு, டாக்டரிடம் முந்திய அப்பொயின்ட்மென்ட்... ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று உள்மனது கணக்குப் போடும். இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

நானும் கணக்கைத் தொடங்கினேன். "பிள்ளை, முன்சீற்றிலை இருந்தா எனக்கு நல்லாத் தெரியும்..."

"முன்சீற் அவவுக்கு அன்ரி. அவவுக்கு வாகனத்திலை வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்" என்று ஒரு ஜெர்மன்காரியைக் காட்டினாள்.

பரவாயில்லை, இது முதல் அடிதானே.

எனக்கு முன்னால் இருந்த இளைஞன் திரும்பினான். "ஆன்ட்டி, நீங்களும் தமிழா? நான் கார்த்திக்குங்க. ஊரு கோயம்புத்தூர். ஒஸ்லோல ஐ.டி.ல இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கைடும் நம்மாளுதானே? அப்ப நமக்கு நல்ல ஸ்பாட்டா குடுப்பாங்க, இல்லீங்களா?"

நான் கமரா என்பேன், அவன் கேமரா என்பான். நான் அன்ரி, அவன் ஆன்ட்டி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாணமும் கோயம்புத்தூரும் ஒரே கட்சி.

வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பஸ் நின்றது. ஆரபி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள். கைகளைப் பிசைந்தபடி நின்றாள்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. பஸ் ஓடுறாரே ரோல்ஃப், அவர்தான் முதலாளி. இண்டைக்கு என்னைப் பாக்கத்தான் வந்திருக்கிறார். இந்தக் குளிர்காலம் முழுக்க ஆக்களைத் தனியக் கூட்டிக்கொண்டு போற பொறுப்பை எனக்குத் தாறதோ இல்லையோ எண்டு இண்டைக்குத்தான் சொல்லுவார்."

"அதுக்கென்ன பிள்ளை, நீங்கள் நல்லாத்தானே செய்யிறியள்!"

"எனக்குக் கண்டிப்புக் காணாதாம். போனமுறை ஒராள் டோர்ச் அடிச்சு எல்லாற்றை படத்தையும் பழுதாக்கிப்போட்டார். நான் ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சுக்கொண்டு நிண்டனான்." ரோல்ஃபின் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "அதாலை அன்ரி... இண்டைக்கு என்னட்டைத் தனியா ஒண்டும் கேளாதேங்கோ. ப்ளீஸ்."

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. "நான் வாயே திறக்கமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்த சூட்டோடு நேரே ரோல்ஃபிடம் போய், இந்தப் பிள்ளை மிகவும் கெட்டிக்காரி என்று என் நோர்வே மொழியில் ஒரு பிரசங்கம் வைத்தேன். மனிதர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டு "ம்ம்" என்றார். தூரத்தில் ஆரபி கண்ணை மூடிக்கொண்டதைப் பிறகுதான் கவனித்தேன்.

வானம் முழுக்க மேகம். வழக்கமாகப் போகும் கடற்கரை இடத்துக்குத்தான் ரோல்ஃப் பஸ்ஸைத் திருப்பப் பார்த்தார். ஆரபி தன் போனில் மேகப் படத்தைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள், பிறகு வேண்டாம் என்றாள். கடலை விட்டு உள்ளே போவோம், பின்லாந்து எல்லைப் பக்கம், அங்கே மேகம் பிரிகிறது என்றாள். ரோல்ஃப் புருவத்தை உயர்த்தினார், பிறகு பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பினார். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நான் பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கினேன். படத்துக்காக இல்லை. மேகம் விலகாவிட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்ன? பெற்ற மகளின் பல்கலைக்கழகச் சோதனைக்குக்கூட நான் இப்படி வேண்டியதில்லை.

பஸ் நின்று கதவு திறந்தபோது... நட்சத்திரம்! அள்ளிக் கொட்டிய மாதிரி நட்சத்திரம்.

இறங்குமுன் ஆரபி விதிகளைச் சொன்னாள். நோர்வே மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. கமராவின் கண் பத்து விநாடி திறந்திருக்கும். அந்த நேரம் ஒருவர் வெள்ளை வெளிச்சம் போட்டாலும் எல்லோருடைய படமும் பழுதாகிவிடும். போன் எல்லாம் சட்டைப்பைக்குள். அவசரம் என்றால் அவள் தந்த சிறு சிவப்பு விளக்கு மட்டும். கமராவின் இரண்டாவது பற்றரியை உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், குளிரில் செத்துவிடும். யார் எங்கே நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாள். எனக்கு ஒரு பற்றைச் செடிக்குப் பின்னால் விழுந்தது. நம்ம கோயம்புத்தூர்த் தம்பிக்கு பஸ்ஸின் வால்பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. மூக்கு மரத்தது, மீசை வைத்தவர்களின் மீசை வெளுத்தது. பிறகு மலைக்கு மேலே புகை மாதிரி ஒரு கோடு. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைக்கிறேன்... அந்தப் புகை பச்சையாயிற்று. அகன்றது. யாரோ சேலையை உதறிக் காயப்போடுவதுபோல வானத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு விரிந்தது. அடியில் ஊதாக் கரை வேறு!

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணீர் வந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வோம்? குடும்பத்துக்குக் காட்டுவோம்.

வாக்காவது, விதியாவது... கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. வட்ஸ்அப் வீடியோ. கனடாவில் தங்கச்சி, ஊரில் அண்ணா, ஒஸ்லோவில் சோபா மனிதர். திரை முழு வெளிச்சத்தில் எரிந்தது. எனக்கு முன்னால் இருந்த பனி, பற்றை, ஜெர்மன்காரியின் முதுகு எல்லாம் பகல்மாதிரித் தெரிந்தன. "ஓ நோ!" என்று யாரோ கத்தினார்கள். நானோ போனை வானத்துக்குத் தூக்கி, "தங்கச்சி, பாரடி! பாரடி!" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

"அன்ரி!"

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? பெட்ரோல் நிலையத்தில் கை பிசைந்த பிள்ளையின் குரல் இல்லை அது.

"போனை நிப்பாட்டுங்கோ! இப்பவே! பஸ்ஸிலை ரெண்டு மொழியிலை சொன்னது விளங்கேல்லையோ? மற்ற ஆக்களும் நூர்லிஸ் பாக்கத்தான் வந்தவையள். உங்களாலை எல்லாற்றை படமும் பழுதாப் போச்சு. இன்னொருக்கா வெளிச்சம் போட்டால், நீங்கள் பஸ்ஸுக்குள்ளைதான் இருப்பியள்!"

அவள் சொல்லி முடித்த கையோடு என் போனிலிருந்து தங்கச்சியின் குரல் கணீரென்று கேட்டது: "அக்கா, ஆரது உங்களை ஏசுறது?"

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். "எங்கட பிள்ளை. அவதான் இஞ்சை பொறுப்பு." சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

காது சுட்டது. மைனஸ் பதினேழில் காது சுடுவதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன வாயில் ஒரு தித்திப்பும் இருந்தது. பொய் சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் எனக்கு விதி சொல்லித் தந்தவர்கள் எத்தனை பேர்! குப்பையை இப்படிப் பிரி என்று பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளைக்கு இந்தச் சப்பாத்துக் காணாது என்று பள்ளிக்கூடம், இந்தக் கடிதத்தோடு அங்கே போ என்று ஒவ்வொரு அலுவலகமும். எல்லோருக்கும் "யா, யா" என்று தலையாட்டினோம். இந்த ஊர் பனி, இந்த ஊர் வானம் எல்லாம் அவர்களுடையது, நாங்கள் ஒரு ஓரமாக நின்று பார்க்க வந்தவர்கள் என்ற எண்ணம் எனக்கு முப்பது வருஷமாகப் போகவில்லை. அந்தப் பனியில் நின்று எங்கள் மீன் தொழிற்சாலைப் பிள்ளை ஒருத்தி விதி சொல்கிறாள். ஜெர்மனியும் கேட்கிறது, கோயம்புத்தூரும் கேட்கிறது, நானும் கேட்கிறேன். எனக்குச் சலுகை இல்லை என்கிறாள். சலுகை கிடைத்த எந்த நாளும் எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

ஆரபி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். வெளிச்சம் இன்னும் இருக்கிறது, திரும்ப எடுப்போம் என்றாள். சிவப்பு விளக்கைக் கையுறைக்குள் பொத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் கமராவைச் சரிபார்த்தாள். என் முறை வந்ததும் என்னிடம் வந்து நட்சத்திரத்தில் குவியம் வைத்துத் தந்தாள்.

"இப்ப பொத்தானை அமத்துங்கோ அன்ரி. அமத்திப்போட்டு மூச்சும் விடாதேங்கோ."

படம் விழுந்தது! வானம் முழுக்கப் பச்சை. கீழே, பனிக்கு மேலே, நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. சிவப்பு விளக்கோடு என்னிடமிருந்து அடுத்த ஆளிடம் அவள் நடந்துபோன பத்து விநாடி. அந்தப் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். பழுதோ என்று என் கணவர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன்.

திரும்பப் புறப்படுமுன் ரோல்ஃப் என் பக்கம் வந்தார். அவருக்குத் தமிழ் எப்படித் தெரியும்? ஆனால் ஏச்சு எந்த மொழியிலும் ஏச்சுத்தானே.

"வானத்தை அவள் என்னைவிட நன்றாகப் பார்க்கிறாள். அது எனக்கு முன்பே தெரியும்" என்றார். "விருந்தாளிகளிடம் கண்டிப்பாக நிற்பாளா என்பதுதான் சந்தேகம். தன் மொழிக்காரியான உங்களையே அதட்டிவிட்டாள். இனி யாரை வேண்டுமானாலும் சமாளிப்பாள். நாளையிலிருந்து நான் வரமாட்டேன், வீட்டில் நித்திரை கொள்ளப் போகிறேன்."

பிறகு பஸ் சாவியை எல்லோருக்கும் முன்னால் ஆரபியிடம் நீட்டினார். கார்த்திக் முதலில் கைதட்டினான். ஜெர்மன்காரியும் தட்டினாள். ஆரபி சாவியை வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. என்னுடையது நிச்சயம் அழுகைதான்.

அந்தப் பெருமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். ஏச்சு முழுவதையும் வாங்கியவள் நான்தானே!