தலைக்கு மேல் போன தம்பி

என் மகளின் காதுகுத்துக்கு, கொழும்பில் கடை வேலை பார்த்த தம்பி முதல்முறையாக விமானத்தில் வந்தான். கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்றதால் முற்பகலிலேயே முகூர்த்தம் வைத்தோம்.

அன்று காலை எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. "மச்சினன் வந்தாச்சு, உலைய வைங்க" என்றார் என் கணவர்.

முகூர்த்தம் நெருங்கியும் தம்பியைக் காணோம். திருச்சியில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி, பறந்து வந்த வழியிலேயே திரும்பி வரவேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தலைக்கு மேல போனவனுக்குக் கீழ வர வழி தெரியலையாக்கும். எம் மடியில வையி பிள்ளைய" என்றார் கணவரின் அண்ணன்.

தாய்மாமன் மடியில்தான் காது குத்துவது வழக்கம். என் பிறந்த வீட்டில் மிஞ்சியிருந்தவன் தம்பி ஒருவனே. ஆனாலும் ஆண்கள் முன் பேசிப் பழகாத நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தேன்.

காது குத்த வந்த ஆசாரி என்னைப் பார்த்தார். ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார்.

"சாயங்காலமும் நல்ல நேரம் இருக்குய்யா. மாமன் வரட்டும். நான் இங்கனயே இருக்கேன்."

அன்று இன்னொரு வீட்டுக்கும் அவர் போகவேண்டியிருந்ததாம். பிறகுதான் தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தம்பி வந்து, சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்தான். மகள் அவன் மடியில் வீறிட்டு அழுதாள்.

நான் சொல்லாததையும் ஒருவர் கேட்டது அன்றுதான். இப்போது யாராவது பேசத் தயங்கி நின்றால், அவர்கள் பேசும்வரை நானும் பொறுத்து நிற்கிறேன்.